பையில் தொங்கட்டும் தோரணம்

சந்தக்ஃபூ மலைக்கு முதல் முறையாக முதுகுப்பை தூக்கப்போகிற எங்கள் பின்னல் குழுத் தோழிகளுக்கு,



சென்ற கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். உல்லன் நூலில் பின்னிய குட்டிக் குல்லாய்களையும் பொம்மைகளையும் தோரணமாகக் கோத்து, நவம்பரில் உச்சிக்குப் போனதும் அங்கே ஒரு மரத்தில் கட்டிவிட்டு வருவது என்பது ஒன்று. பை கனத்துவிடும் என்பதால் ஊசியையும் நூலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது என்பது இன்னொன்று. இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மடல். தோரணம் நம்மோடு போய் நம்மோடு திரும்பட்டும். ஊசியும் நூலும் கட்டாயம் பையில் இருக்கட்டும். இதே மாதிரி ஆசையோடு மலைக்குக் கிளம்பும் மற்ற குழுக்களும் படிக்கட்டும் என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் தோரணம். பொது இடத்தை நூலால் அலங்கரிக்கும் ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மக்டா சாயெக் என்ற பெண் 2005-இல் தன் கடையின் கதவுக் கைப்பிடிக்கு உல்லனில் ஓர் உறை பின்னிப் போட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்தபடியாகத் தெருமுனைக் கம்பத்துக்கும் போட்டார். அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவி, விளக்குக் கம்பங்களும் பாலத்துக் கைப்பிடிகளும் பூங்கா நாற்காலிகளும் கலர் கலராக உடுத்திக்கொண்டன. எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம். காய்ந்த சிமென்ட்டும் இரும்புமாக இருக்கிற நகரத்துக்குப் பெண்களின் கைவேலை வந்து சேர்வது நல்ல காரியம்தான். நூல் நைந்து அழுக்கேறினால் யாராவது அறுத்தெடுப்பார்கள், காலையில் குப்பை வண்டி வரும்.

சந்தக்ஃபூ உச்சிக்குக் குப்பை வண்டி வராது. அங்கே நாம் கட்டியது நாம் கட்டிய இடத்திலேயே கிடக்கும், எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. உங்கள் கூடையில் இருக்கும் நூல் உருண்டையின் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். உல்லன் என்று கேட்டு வாங்கினாலும் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது ஆட்டு ரோமமே இல்லை, அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக் இழை அது. வெயிலைத் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. கடை வாசலில் நிழலுக்கு இழுத்துவிடும் கெட்டித் துணிகளுக்கு அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான். அந்தக் குணம்தான் மலையில் வினையாகிறது. கட்டிய கயிறு அறுந்து விழுந்தாலும் பொம்மை மக்காது. மழையிலும் காற்றிலும் பொடி இழைகளாக உதிர்ந்து மண்ணில் சேரும், அங்கிருந்து ஓடைக்குப் போகும். கீழே இருக்கிற ஊர்க்காரர்கள் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் பிடித்துக் குடிக்கிறார்கள்.

பறவைகள் இன்னொரு காரணம். கூடு கட்டும் பறவைக்கு மெத்தென்ற நூல் கண்ணில் பட்டால் விடாது, இழுத்துக்கொண்டு போய்க் கூட்டில் வைக்கும். குஞ்சு புரளும்போது அந்த நூல் காலில் சுற்றும், கால் வளர வளர இறுகும். அப்படிக் காலிழந்த குஞ்சுகளையும், கூட்டை விட்டுப் பறக்க முடியாமல் தொங்கிச் செத்தவற்றையும் பறவைகளைக் கவனிக்கிறவர்கள் பல நாடுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வெட்டி மீந்த நூல்துண்டைப் பறவைக்காக வேலியில் போடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அதையும் இன்றோடு விட்டுவிடலாம்.

அசல் கம்பளி நூலில் பின்னினால் மக்கிவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். மக்கும், உண்மை. ஆனால் நாம் ஒன்று கட்டினால் அடுத்த வாரம் வருகிற குழு பக்கத்தில் ஒன்று கட்டும், அவர்கள் நூல் எது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? நாம் நடக்கிற பாதை சிங்கலிலா தேசியப் பூங்காவை ஒட்டியும் ஊடுருவியும் போகிறது. செம்பாண்டா இயற்கையாக வாழும் காடு அது. டார்ஜிலிங்கின் பத்மஜா நாயுடு விலங்கியல் பூங்காவில் வளர்த்த இரண்டு பெண் பாண்டாக்களை 2003-இல் இந்தக் காட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வரும் ஓர் உயிரை, கூண்டில் பிறந்ததையும் காட்டுக்குப் பழக்கித் திருப்பி அனுப்ப ஓர் ஊரே பாடுபடுகிறது. அந்தக் காட்டில் கூடுதலாக ஒரு பொருளைப் போட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

“அங்கே வழி நெடுக வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்களே” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரே வரிசையில் வரும் அந்தக் கொடிகள் பௌத்தர்களின் வேண்டுதல். ஐந்து நிறமும் வானம், காற்று, நெருப்பு, நீர், நிலம் என்கிற ஐந்து பூதங்கள். அதில் அச்சிட்ட மந்திரத்தைக் காற்று ஊரெங்கும் கொண்டுபோகிறது என்று நம்பி, நாள் பார்த்துக் கட்டுகிறார்கள். வெளுத்து நைவதும் அந்த வேண்டுதலின் பகுதியே. அது அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் உரிமை. நம் ஊர் மலைக்கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய தொட்டில்களுக்கு நடுவே, சுற்றிப் பார்க்க வந்தவர் ஒருவர் தன் சங்கத்தின் பேனரைக் கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

இவ்வளவு சொன்னதை வைத்து, குட்டிப் பொம்மைகளே வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பின்னுங்கள், நிறையப் பின்னுங்கள். சின்னப் பொருள் என்று பின்னலில் எதையும் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய ஒரு முயற்சியில், பழச்சாறு பாட்டில் மூடிக்குப் போடுகிற அளவில் குட்டிக் குல்லாய்களை ஊரெல்லாம் பின்னி அனுப்பினார்கள். குல்லாய் போட்ட ஒவ்வொரு பாட்டில் விற்கும்போதும் முதியோர் நலனுக்கு ஒரு சிறு தொகை போனது. எலுமிச்சம்பழ அளவு குல்லாய், குளிர்காலத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு உதவியாக மாறியது. நம் பொம்மைகளும் அப்படி ஏதாவது ஒரு வேலை செய்யட்டும் என்றுதான் கேட்கிறேன். முதுகுப்பை தூக்கும் பயணத்தில் வேலை செய்யாத பொருளுக்கு இடமில்லை. வேலை செய்கிற பொருள் அழகாகவும் இருந்துவிட்டால் அதைவிட வேறென்ன வேண்டும்?

சந்தக்ஃபூவில் விடியலுக்கு முன்னால் எழுந்து வெளியே வரவேண்டியிருக்கும். 3,636 மீட்டர் உயரம், மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். காஞ்சன்ஜங்காவின் மேல் முதல் வெளிச்சம் விழுவதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம். நவம்பர் இரவில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கையுறை போட்ட, மரத்துப்போன விரலால் பையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள். அந்தச் சின்ன உலோக நாக்கு விரலுக்கு அகப்படவே அகப்படாது. அங்கே விரல் நீளத்துக்கு ஒரு பின்னல் வால் தொங்கினால், உள்ளங்கையால் பற்றி இழுத்துவிடலாம். டார்ச் இருக்கிற அறைக்கு முடிச்சுப் போட்ட வால், மருந்து இருக்கிற அறைக்குக் குஞ்சம் வைத்த வால் என்று வேறுபடுத்திவிட்டால் இருட்டில் தடவியே கண்டுபிடிக்கலாம்.

அந்த வாலைச் செம்பாண்டாவின் வாலாகவே பின்னுங்கள் என்பது என் யோசனை. செங்கல் நிறமும் வெளிர் மஞ்சளும் மாறி மாறி வளையம் போட்டு, நுனி கறுத்து இருக்கும் வால் அது. பதினோராம் நம்பர் ஊசி, அதாவது 3 மில்லிமீட்டர், இரண்டு முனையும் கூராக இருக்கிற வகை வேண்டும். கறுப்பு நூலில் ஆறு கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் போடுங்கள். ஊசியைத் திருப்பாதீர்கள். கண்ணிகளை அப்படியே ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, இடப்பக்கம் நிற்கும் நூலைப் பின்புறமாக இழுத்து வந்து, மறுபடியும் முதல் கண்ணியிலிருந்து நிட். முதல் மூன்று நான்கு வரிசை தட்டையாக, பின்பக்கம் நூல் ஏணிப்படி மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம். கீழே பிடித்து ஒரு இழு இழுத்தால் ஏணி மறைந்து உருண்டையான குழலாகிவிடும். கறுப்பில் நாலு வரிசை முடிந்ததும் செங்கல் நிறம் நாலு, வெளிர் மஞ்சள் மூன்று, மறுபடி செங்கல். காட்டில் உள்ளதற்குப் பன்னிரண்டு வளையம் வரை இருக்கும், நமக்கு ஆறு போதும். நிறம் மாற்றுகிற இடத்து நூல்முனைகளைத் தைத்து மறைக்கக்கூட வேண்டாம், குழலுக்குள்ளேயே விட்டுவிடலாம். வாலுக்குப் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு கனம் வந்துவிடும்.

இந்தக் குழல் பின்னலுக்கு ஐ-கார்ட் என்று பெயர் சூட்டிப் பரப்பியவர் எலிசபெத் சிம்மர்மன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். புத்தகத்தில் போட்டபடியே வரிக்கு வரி பின்னாமல், கணக்கைப் புரிந்துகொண்டு நீங்களே முடிவெடுங்கள் என்று வாழ்நாளெல்லாம் பெண்களுக்குச் சொன்னவர். அதை நான் பை கட்டுவதற்கும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைப் பிரதி எடுத்துக் கட்டினால் யாரோ ஒருவரின் பயணத்துக்கான பைதான் தயாராகும்.

குல்லாய் பின்ன விரும்புகிறவர்களுக்கு: இருபத்துநான்கு கண்ணி, நிட் ஒன்று பர்ல் ஒன்று என்று நாலு வரிசை, பிறகு நிட் ஒரு வரிசை பர்ல் ஒரு வரிசையாக எட்டு. அடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்துப் பன்னிரண்டு, பர்ல் ஒரு வரிசை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு. நூலை அறுத்துக் கண்ணிகளுக்குள் கோத்து இழுத்து, பக்கவாட்டில் தைத்தால் முடிந்தது. இதை ரயிலில் போகும்போதே பின்னலாம். கோயம்புத்தூரிலிருந்து நியூ ஜல்பைகுரி போய்ச் சேர இரண்டு இரவாவது ஆகும், அவ்வளவு நேரமும் நம் கையில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு நிறமாகப் பையின் மேல் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். வாடகைக்கு எடுக்கும் பைகள் எல்லாம் ஒரே கறுப்பு. நடை தொடங்கும் மானேபஞ்சனுக்குப் போகிற ஜீப்பின் கூரையில் அவற்றைக் குவித்துக் கட்டி இறக்கும்போது யாருடையது எது என்று தெரியாமல் திண்டாடுவோம். குல்லாயின் நிறம் அதைத் தீர்த்துவிடும். கோத்த தோரணம் வேண்டும் என்கிற ஆசை இன்னும் போகவில்லை என்றால், உச்சியில் எல்லாப் பைகளையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வோம். தோரணம் அங்கேதான் இருக்கும்.

பெரிய பின்னல் ஒன்றே ஒன்று செய்யச் சொல்வேன், தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் உறை. இரவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, உறையைப் போட்டு உறக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் விடியும்வரை சூடு இருக்கும். உறை இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும். காலையில் அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும். உறை மட்டும் அசல் கம்பளியில் இருக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்குமிடத்து அடுப்பைச் சுற்றி எல்லோரும் நெருக்கியடித்து உட்காருவோம். அக்ரிலிக்கில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், கம்பளி கருகும், ஆனால் எளிதில் பற்றி எரியாது. அக்ரிலிக் சால்வையும் குஞ்சமும் போட்டவர்கள் அடுப்பிலிருந்து ஓரடி தள்ளியே உட்காருங்கள்.

இனி பை. இதில் நான் கறாராகத்தான் இருக்கப்போகிறேன்.

தண்ணீர் உட்பட எட்டு கிலோ. அதற்கு மேல் ஒருவர் பையும் போக வேண்டாம். மூட்டை தூக்க ஆளும் குதிரையும் அங்கே கிடைக்கும், அது அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு, முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாரோ தூக்கப்போகிறார்கள் என்று நினைத்து அடைத்த பை இருபது கிலோவில் போய் நிற்கும், அதைத் தூக்குகிறவருக்கும் முதுகு ஒன்றுதானே இருக்கிறது. சமையலறைத் தராசை எடுத்து ஒவ்வொரு பொருளாக நிறுத்து எழுதுங்கள். நூலை கிராம் கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒரு ஜீன்ஸ் அரை கிலோவுக்கு மேல் நிற்கும். அந்த எடைக்கு ஐம்பது கிராம் நூல் உருண்டை பத்து எடுத்துப்போகலாம். பத்து தேவையில்லை, ஒன்று போதும். நூல் கனக்கும் என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,000 கிலோமீட்டருக்கும் மேல். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கடையில் வாங்கிய பை இல்லை, கெட்டித் துணியில் தானே தைத்த ஒரு மூட்டைப்பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, சாதாரண கேன்வாஸ் ஷூவில் நடந்தார். கூடாரத்துக்குப் பதில் குளியலறைத் திரை ஒன்று. அவரைப் பார்த்து ஒற்றைத் தோளில் பை மாட்டச் சொல்லவில்லை. எது இல்லாமல் தன்னால் இருக்க முடியும் என்று அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கு எது தேவைப்படுமோ என்று எல்லோருக்கும் சேர்த்தே பை கட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. பிள்ளைக்கு ஒரு மாற்று உடை, மாமியாருக்கு மாத்திரை, வழியில் பசித்தால் ஒரு பொட்டலம். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் உங்களுக்காகக் கட்டுங்கள்.

பையை எடுக்கும்போது கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து, அதற்குப் பொருந்துகிற பையாக எடுங்கள். நம்மில் பலருக்கு முதுகு குட்டை. ஆண்களுக்கான பையின் இடுப்புப் பட்டை நமக்குத் தொடையில் போய் உட்காரும், அப்புறம் பாரம் மொத்தமும் தோளில். பாரத்தைத் தாங்க வேண்டியது இடுப்பு. உறக்கப்பையை அடியில் வையுங்கள், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, மழைச்சட்டையும் தின்பண்டமும் மேலே. பைக்கு மேல்மூடி இருக்கிறது என்று நம்பாதீர்கள், கெட்டிப் பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். நூல் உருண்டை அதற்குள்ளும் ஒரு சிறு பையில்.

உடையில் பருத்தியை விட்டுவிடுங்கள். வேர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. உடம்போடு ஒட்டி மெல்லிய ஒன்று, அதன்மேல் ஃப்ளீஸோ நீங்கள் பின்னிய ஸ்வெட்டரோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. கையால் பின்னிய ஸ்வெட்டர் எவ்வளவு தடியாக இருந்தாலும் காற்று கண்ணிகளுக்குள் புகுந்துவிடும், மேல்சட்டை இல்லாமல் அதை மட்டும் நம்பக் கூடாது. பருத்திக்கு ஒரே ஒரு விலக்கு, நம் ஈரிழைத் துண்டு. கனத்த டர்க்கி டவலில் பாதிகூட நிற்காது, காற்றில் பிடித்தால் காய்ந்துவிடும், வெயிலுக்கு முக்காடு, குளிருக்குக் கழுத்துச் சுற்று, எல்லாம் அதுவே.

மாதவிடாய் நாள் இல்லை என்று கணக்குப் பார்த்துக் கிளம்பினாலும் நாப்கினோ கப்போ எடுத்துக்கொள்ளுங்கள், பயணத்தில் தேதி முன்னே பின்னே ஆவது சகஜம். பயன்படுத்தியதைப் போட உள்ளே தெரியாத பை ஒன்று வேண்டும், அது நம்மோடு கீழே இறங்க வேண்டும். காட்டில் புதைப்பதும் தங்குமிடத்து அடுப்பில் போடுவதும் கூடாது. அதற்குக் கறுப்பு நூலில் சுருக்குப்பை ஒன்று பின்னித் தருகிறேன், வேண்டியவர்கள் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தும்லிங், காலிபோக்ரி, சந்தக்ஃபூ என்று தங்குகிற இடமெல்லாம் சூடாகச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். குழுவுக்குப் பருப்புப்பொடி ஒரு சிறு பொட்டலம், ஆளுக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய். தேங்காய் எண்ணெய் பாட்டில் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழேயே உறையும் அது அங்கே கல்லாகிவிடும். உதட்டுக்கு வாசலின் சின்ன டப்பா போதும். பாதை இந்திய, நேபாள எல்லையில் மாறி மாறிப் போவதால் அசல் அடையாள அட்டை கட்டாயம், வழியில் எல்லைக் காவல் படையினர் கேட்பார்கள்.

ஊசி மூங்கிலாக இருக்கட்டும், குளிரில் உலோக ஊசி விரலைக் கடிக்கும். முனைகளுக்குக் கார்க் செருகி, மழுங்கிய நுனிக் கத்தரி ஒன்றுடன் பையின் நடுவில் வையுங்கள். மாலை நாலரை, ஐந்து மணிக்கே அங்கே இருட்டிவிடும். மங்கலான வெளிச்சத்தில் நுணுக்க வேலை வேண்டாம், வெறும் நிட் வரிசை போதும். பின்னலுக்கு அங்கே இன்னொரு உபயோகமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவர் திடீரென்று கண்ணி எண்ணத் தடுமாறினால், கூடவே தலைவலியும் குமட்டலும் இருந்தால், உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாததன் அடையாளமாக இருக்கலாம். பேச்சு குழறி நடை தள்ளாடினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கீழே இறங்கியாக வேண்டும்.

ஊசியைக் கொண்டுபோகச் சொல்வதற்கு இதையெல்லாம்விடப் பெரிய காரணம் அந்த ஊர்ப் பெண்கள். டார்ஜிலிங் பக்கத்தில் கடையில் உட்கார்ந்தபடியே, பேரம் பேசியபடியே கையிலிருக்கும் பின்னலை நிறுத்தாத பெண்களைப் பார்ப்பீர்கள். குளிர் தேசத்தில் பின்னல் பொழுதுபோக்கு இல்லை. டார்ஜிலிங்கில் திபெத்திய அகதிகள் 1959-இல் தொடங்கிய சுயஉதவி மையத்தில் ரோமத்தை நூற்று, சாயமேற்றி, கம்பளம் நெய்து தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. மார்கழி நெருங்கும்போது நம் ஊர்த் தெருவோரம் ஸ்வெட்டர் குவித்து விற்கும் திபெத்தியர்களை நாம் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அவர்கள் விற்பதில் பெரும்பகுதி லூதியானாவில் இயந்திரம் பின்னியது. ஆனால் விற்கிறவர்களின் வீட்டுக் கைகள் என்ன பின்னும் என்று நாம் கேட்டதே இல்லை.

அதனால் கொடுக்கப்போகிறவர்களாக அங்கே போக வேண்டாம். வழியில் ஓடிவரும் குழந்தைகளுக்குப் பொம்மைகளை வீசிக்கொண்டே போவது அன்பாகத் தோன்றும். அடுத்த குழு வரும்போது அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகாமல் கை நீட்டி நிற்கப் பழகிவிடும். அதற்குப் பதிலாக, மாலையில் தங்குமிடத்து அடுப்படியில் ஊசியை எடுத்து உட்காருங்கள். வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்ப்பார். மொழி தேவைப்படாது. அவர் கண்ணி ஏற்றுகிற முறை நம்முடையதைப் போல இருக்காது, உங்கள் கையிலிருந்து வாங்கிக் காட்டுவார், கற்றுக்கொள்ளுங்கள். எழுந்து வரும்போது நம் பாண்டா வாலை அவருக்குப் பிடித்திருந்தால் ஒன்றைக் கொடுங்கள். பதிலுக்கு அவர் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கையுறையையும் கம்பளிக் காலுறையையும் இங்கே வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். டார்ஜிலிங்கிலோ மானேபஞ்சனிலோ கையால் பின்னியதாகப் பார்த்து அங்கேயே வாங்குவோம். பையில் ஒரு தேங்காய் அளவு இடத்தைக் காலியாக விட்டுக் கட்டுங்கள். இடம் இருக்கிறதே என்று கடைசி நிமிடத்தில் மூன்றாவது சுடிதாரைச் செருகாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மருதமலை அடிவாரத்துக்கு எல்லோரும் கட்டிய பையோடு வந்துவிடுங்கள். படியேறிப் பார்ப்போம். மேலே போய்ச் சேர்ந்ததும் தோள் வலித்ததா இடுப்பு வலித்ததா என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பட்டையை அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். இரு முனை கூர் ஊசி இல்லாதவர்களுக்கு நான் சில செட் எடுத்து வருகிறேன். செங்கல் நிறத்திலும் வெளிர் மஞ்சளிலும் மீந்த நூல் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி